எழும்பச் சொல்ல ஆளில்லாத காணி

சான்ட்ரிங்ஹாம்,
ஆக்லாந்து.
மாசி 1997

பெருமதிப்புக்குரிய மைத்துனர் குலசிங்கம் அவர்கட்கு,

உங்கள் தங்கை ஆனந்தவல்லியைக் கைப்பிடித்தவனும், யாழ்ப்பாண அரசாங்கக் கச்சேரிக் காணிப்பகுதியின் முன்னாள் பிரதம எழுதுநருமாகிய செல்வரத்தினம் பணிவுடன் எழுதிக்கொள்வது. இங்கே நான், வல்லி, மகள் லோஜனா மூவரும் வெயிலில் கறுத்துப்போய் மிக நலம். அங்கே ரொறன்ரோவில் நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் பனிக்குள்ளே எந்த இடத்தில் இருக்கிறீர்களோ அந்த இடத்தில் நலமாக இருக்க, எங்கள் சாமித்தட்டில் உள்ள அத்தனை பேரையும் வரிசைப்படி வேண்டிக்கொண்டேன். இந்த விஷயத்தை ரெலிபோனில் சொல்லியிருக்கலாம். ஆனால் ரெலிபோனில் நான் ஒரு வசனம் தொடங்கினால் அதை நீங்கள் முடித்துவைக்கிற பழக்கம் உள்ளவர். கடிதத்தை அப்படிச் செய்ய ஏலாது. ஆகவே பனி அள்ளுகிற மண்வெட்டியை ஒரு பக்கம் சாத்திவைத்துவிட்டு, கதிரையில் இருந்து, கடைசிவரை வாசிக்கவும்.

அத்தான், போன வருசம் நீங்கள் ஒரு படம் அனுப்பியிருந்தீர்கள். ஏதோ ஒரு பூங்காவில் மடக்குக் கதிரையில் இருக்கிறீர்கள். பக்கத்தில் நம்பர் அடித்த ஒரு கட்டை, கட்டையிலிருந்து கரண்டு வயர், வயரின் முனையில் உங்கள் ரைஸ் குக்கர். பின்பக்கத்தில் உங்கள் அழகான கையெழுத்தில், "நாங்கள் காம்பிங் போனபோது எடுத்தது. உங்கள் நாட்டில் ஆடு பார்க்கிறதைவிட வேறு பொழுதுபோக்கு உண்டோ?" என்று கேட்டிருந்தீர்கள். நான் பதில் போடவில்லை. கோபமில்லை, பதில் போட என்னிடம் சரக்கு இருக்கவில்லை. இப்போது இருக்கிறது. அத்தான், முன்கூட்டியே பதிந்து, காசு கட்டி, இன்ன நேரம் வந்து இன்ன நேரம் எழும்பவேண்டும் என்று கையெழுத்தும் போட்டுவிட்டு ஒரு கட்டைக்குப் பக்கத்தில் படுக்கிறதற்குப் பெயர் காம்பிங் இல்லை. அதற்குப் பெயர் வாடகைக்கு இருக்கிறது. அதை நாங்கள் சான்ட்ரிங்ஹாமிலேயே வருசக்கணக்காகச் செய்துகொண்டிருக்கிறோம்.

வாடகை என்றதும் மனதில் இருக்கிறதைச் சொல்லிவிடுகிறேன். இந்த நாட்டுக்கு வந்து நாங்கள் இருந்த முதல் வீட்டைச் சொந்தக்காரர் விற்றுவிட்டார். அடுத்தவரின் மகன் லண்டனிலிருந்து பெட்டியோடு திரும்பி வந்தான். அதற்கடுத்தது ஒரு தங்கமான மனுசி, எங்களை எழுப்பும்போது கண்ணைத் துடைத்துத் துடைத்து எழுப்பினா. இப்போதைய வீட்டுக்காரர், ஈஸ்டருக்கு முன்னர் வீட்டைக் காலிசெய்து தரும்படி நத்தார் வாழ்த்து அட்டைக்குள் எழுதி, கீழே ஒரு கிறிஸ்மஸ் மரமும் கீறி அனுப்பியிருந்தார். அங்கே ஷெல் எழுப்பியது, இங்கே வாழ்த்து அட்டை எழுப்புகிறது. இதில் பெரிய பகிடி, என் உத்தியோகமும் அதுதான். மனுகாவில் ஒரு கடைத்தொகுதியில் காவலாளி. கடை பூட்டுகிற நேரம் வாங்கில்களில் குந்தியிருக்கிற சனத்திடம் போய், முன்னுக்கு ஒரு பிளீஸ் போட்டு எழும்பச் சொல்லவேண்டும். ஊருக்கெல்லாம் எல்லை பிரித்துக் கொடுத்தவன் அத்தான் நான். கண்ணைக் கட்டி ஒரு காணியில் இறக்கிவிட்டாலும் அது அரச காணியா தனியார் காணியா என்று மண்ணை மிதித்தே சொல்லுவேன். அப்படிப்பட்டவனுக்கு, எழும்பு என்று எந்த மனுசனும் சொல்ல ஏலாத ஒரு நிலத்தில் ஒரு நாளாவது காலை நீட்டிப் படுக்கவேண்டும் என்று ஒரு ஆசை பிடித்துவிட்டது. சிரிக்காதேயுங்கோ. வல்லிகூடச் சிரிக்கவில்லை.

இந்த ஆசைக்கு வழி காட்டியவர் தேவ் நாராயண். எங்கள் தெருமுனையில் கார் திருத்துகிறவர், பிஜிக்காரர். அவருடைய முன்னோர் கரும்பு வெட்டப் போன தமிழர். ஆகையால் அவருக்குச் சாப்பிடவும் ஏசவும் வழி சொல்லவும் தமிழ் வரும், மற்றதெல்லாம் இந்தி. அவர்தான் சொன்னார், இந்த நாட்டில் பொதுக் காடு என்று ஒன்று இருக்கிறது, ரோட்டிலிருந்தும் ஆற்றிலிருந்தும் கொஞ்சம் தள்ளி விரும்பின இடத்தில் கூடாரம் அடிக்கலாம், வாடகை இல்லை, பதிவு இல்லை, நெருப்பு மூட்டாமல் குப்பையைக் கையோடு கொண்டுவந்தால் சரி, ஒருத்தரும் கேட்கமாட்டார்கள் என்று. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. லோஜனா நூல்நிலையத்தில் ஒரு அமெரிக்கப் புத்தகம் எடுத்துவந்து, இதற்கு "டிஸ்பேர்ஸ்ட் காம்பிங்" என்று பெயர் என்றாள். அதாவது எல்லாரும் ஒரே இடத்தில் குவியாமல் சிதறி இருப்பது. அட, சிதறி இருக்கிறதில் எங்களை மிஞ்ச ஆளா? உங்கள் குடும்பம் ரொறன்ரோவில், என் தம்பி பாரிசில், சித்தப்பா சிட்னியில். நாங்கள் இந்த விளையாட்டுக்கென்றே பயிற்றப்பட்டவர்கள்.

தடை வந்தது வீட்டுக்குள்ளிருந்துதான். அடுப்படிக்குப் போய், "வல்லி, லீவுக்குக் காம்புக்குப் போவம், ஃப்ரீ" என்று ஆசையாகச் சொன்னேன். உங்கள் தங்கை அகப்பையைக் கீழே வைத்தா. அறைக்குள் போய் அலுமாரியைத் திறந்து பாஸ்போர்ட், பிறப்புச் சாட்சிப் பத்திரங்கள், தாலிக்கொடி, ஊர்க் காணி உறுதிப் பத்திரம் எல்லாவற்றையும் ஒரு துணிப்பைக்குள் போடத் தொடங்கிவிட்டா. என்னப்பா செய்கிறாய் என்றால், "ஃப்ரீயாய்க் கிடைச்ச காம்பிலை இருந்தது காணும். இனி என்னைக் கொண்டுபோக விடமாட்டன்" என்றா. அப்போதுதான் எனக்கு விளங்கியது. எங்கள் ஆட்களுக்குக் காம்ப் என்றால் இரண்டே இரண்டுதான், ஆமிக் காம்ப் அல்லது அகதிக் காம்ப். கோயில் வீதியில் தறப்பாளுக்குக் கீழே நாங்கள் கிடந்ததை உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. லோஜனா ஓடிவந்து, "அம்மா, இட்ஸ் ஃபன்" என்றாள். "ஃபன்னோ? போய் வரிசையிலை நிண்டு பார், தெரியும்" என்று அவளுக்கும் விழுந்தது. நான் விடவில்லை. இது துரத்திப் போகிற காம்ப் இல்லை, ஆசைப்பட்டுப் போகிற காம்ப், நினைத்த நேரம் போகலாம், நினைத்த நேரம் வரலாம், முக்கியமாக எழும்பச் சொல்ல ஆளில்லை என்று விடாமல் ஓதினேன். கடைசிச் சொல்லில் மனுசி என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. "சரி, வாறன். ஆனால் சாமான் நான்தான் கட்டுவன்" என்றா.

கட்டினா அத்தான். காம்பில் என்னென்ன இல்லாமல் தான் தவித்தாவோ அத்தனையையும் கட்டினா. வாளி, கயிறு, புட்டு அவிக்கிற நீத்துப்பெட்டி, தேங்காய் திருவலை, உப்பு, அதற்கு மேலதிகமாக இன்னொரு உப்பு, மறைப்புக் கட்ட ஆறு பழைய சீலை, அந்தப் பத்திரப் பையும். தேவ் நாராயண் கூடாரம் இரவல் தந்தார், வழியும் சொன்னார். ஆக்லாந்துக்குப் பிறந்தநாள் என்று ஒரு திங்கட்கிழமை லீவு வரும், அதையொட்டிச் சனிக்கிழமை புறப்பட்டோம். மனுகாவ் தாண்டி, பொம்பே என்று இந்தியப் பெயர் வைத்த ஒரு குன்று ஏறினோம். பெயர்ப்பலகையைக் கண்டதும் வல்லி, இவ்வளவு கிட்டவென்றால் ஏன் பிளேனில் வந்தோம் என்று கேட்டா. அதற்குமேல் நாங்கள் போன இடத்தின் பெயரை எழுதமாட்டேன். எழுதினால் ரொறன்ரோச் சனம் முழுக்க ரைஸ் குக்கரோடு வந்து இறங்கிவிடும். தேவ் நாராயண் சொன்ன அடையாளங்கள் ஒன்றும் பிழைக்கவில்லை. தேவாலயம், பாலம், மண்ரோடு, பிறகு, "ஒரு கேட் வரும், அதைத் தாண்டிப் போங்க, காடு வரும்." கேற் வந்தது. சங்கிலி போட்டிருந்தது, பூட்டு இல்லை. லோஜனா இறங்கித் திறந்தாள், தாண்டினோம். பொதுக் காட்டுக்கு ஏன் கேற் என்று உங்கள் தங்கை கேட்டா. கேற் மாட்டுக்கு, மனுசனுக்கில்லை என்று விளங்கப்படுத்தினேன்.

அத்தான், உள்ளே இருந்த வசதிகளைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். இந்த அரசாங்கம் தன் குடிமக்களுக்காக என்னவெல்லாம் செய்துவைத்திருக்கிறது! மரங்கள் கண்டபடி முளைத்த மரங்களில்லை. பைன் மரங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி நேர் வரிசையில் நிற்கின்றன, கூடாரக் கயிறு கட்ட வசதியாக. காடென்றால் வரிசையில் முளைக்குமோ என்று வல்லி கேட்டா. ஒழுங்கான நாட்டில் காடும் ஒழுங்காகத்தான் இருக்கும் என்றேன். புல்லு வளர்ந்து எங்களுக்கு இடைஞ்சல் தராமலிருக்க கொஞ்ச ஆடுகளை விட்டிருந்தார்கள். குடிதண்ணீருக்கென்று ஒரு சீமெந்துத் தொட்டி, தானாகவே நிரம்புகிற தொட்டி, அதில் மிதவை வேறு. வல்லி மட்டும் அந்தத் தண்ணீரை நெடுநேரம் கொதிக்கவைத்தா. அது அவவின் சுபாவம். புல்லுக்குள் ஒரு நல்ல தடித்த பலகைகூடக் கவிழ்ந்து கிடந்தது, காஸ் அடுப்பை ஆடாமல் வைக்கிறதற்கு அளவான பலகை. மாலையில் வல்லி அதைத் துடைத்து ஒரு பக்கத்தில் வெங்காயம் வெட்டினா, பிறகு திருப்பிப் போட்டு அடுப்பை வைத்தா. உங்கள் நம்பர் அடித்த கட்டையில் வெங்காயம் வெட்ட ஏலுமோ?

ஒரு மணித்தியாலத்தில் உங்கள் தங்கை அந்த இடத்தை நிர்வாகத்துக்குள் கொண்டுவந்துவிட்டா. மரத்துக்கு மரம் சீலை கட்டிக் குளிக்க ஒரு மறைப்பு, அடுத்ததற்கு இன்னொரு மறைப்பு, கொடி, சமையல் பகுதி. நான் கூடாரத்தை நிமிர்த்தினேன், அது விழுந்தது, பிறகும் நிமிர்த்தினேன், லோஜனா புத்தகத்தைப் பார்த்து உள்பக்கம் வெளிப்பக்கமாகக் கிடக்கிறது என்று கண்டுபிடித்தாள், பிறகும் விழுந்தது, கடைசியில் மூன்று பேருமாகச் சீலைக்கயிற்றால் மரத்தோடு கட்டினோம், நின்றுவிட்டது. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும். வெங்காயம் வெட்டினதிலிருந்து வல்லி மட்டும் கொஞ்சம் யோசனையாக இருந்தா. என்னவென்று கேட்டேன். ஒன்றுமில்லை, நல்ல இடம் என்றா. அந்தச் சொல்லை அவ வாயிலிருந்து கேட்க எத்தனை வருசம் அத்தான்! பத்திரப் பையைத் தலைக்கு வைத்துக்கொண்டு, உறுதி உள்ள தலையணையில், எழும்பச் சொல்ல ஆளில்லாத மண்ணில் காலை நீட்டினேன். அவ்வளவுதான் தெரியும்.

இனி முக்கிய கட்டம். கண்விழித்தபோது நல்ல வெயில். வெளியே புட்டு அவிகிற வாசம். கூடவே ஏதோ இரைச்சல். எழும்பி வந்து பார்த்தால் நாலு சில்லு மோட்டார் சைக்கிளில், முழங்கால்வரை ரப்பர் சப்பாத்து, கட்டைக் காற்சட்டை, கிழிந்த தொப்பி, நரைத்த தாடியோடு ஒரு வெள்ளைக்காரர், பின்னால் ஒரு நாய். நான் பார்த்த மாத்திரத்தில் அறிந்துகொண்டேன், வன இலாகாவின் உத்தியோகத்தர். இந்த நாட்டில் உத்தியோகம் பெரிதாகப் பெரிதாகத்தான் தொப்பி கிழியும். மனுசன் மரத்துக்கு மரம் தொங்குகிற சீலைகளைப் பார்க்கிறார், கொடியில் காய்கிற என் மற்றச் சாரத்தைப் பார்க்கிறார். பிறகு, எல்லாம் சரியாக இருக்கிறீர்களோ என்று கேட்டார்.

எனக்குள்ளே நித்திரையிலிருந்த கச்சேரி எழும்பிவிட்டது. சாரத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு, முன்னால் போய், ஆங்கிலத்தில் எடுத்து விளாசினேன். ஐயா, நான் காணிப்பகுதியில் வேலை பார்த்தவன். சட்டம் தெரியும். இது பொதுக் காணி. இங்கே நாங்கள் நெருப்பு மூட்டவில்லை, குப்பை போடவில்லை, ஒரு குச்சி முறிக்கவில்லை. உங்கள் தொட்டியையும் பலகையையும் பாவித்தோம், அதற்கு உங்கள் இலாகாவுக்கு நன்றி. நாங்கள் எல்லா இடத்திலிருந்தும் எழும்பி எழும்பி வந்த ஆட்கள். "வீ ஆர் டிஸ்பேர்ஸ்ட் பீப்பிள், சேர்" என்றேன். அதைக் கேட்டதும் மனுசன் மெல்லத் தொப்பியைக் கழற்றினார் அத்தான். ஒரு அரச உத்தியோகத்தர் எனக்கு முன்னால் தொப்பி கழற்றினது அதுதான் முதல் தரம். சூடு பிடித்த கையோடு கேட்க நினைத்ததைக் கேட்டேன்.

"இந்தக் காணியிலையிருந்து எங்களை எழும்பச் சொல்ல ஆருக்காவது உரிமை இருக்கோ?"

மனுசன் என்னைத் தாண்டிப் பின்னுக்குப் பார்த்தார். நானும் திரும்பிப் பார்த்தேன், வல்லி புட்டுப் பானைக்குப் பக்கத்தில் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு நிற்கிறா. எனக்குச் சரியான கோபம். சட்டம் எங்கள் பக்கம் இருக்க, உத்தியோகத்தரைக் கும்பிடுகிறது ஏன்? பிறகு இதைப்பற்றித் தனியே கண்டித்தேன். மனுசன் தொப்பியைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பி, மரங்களை ஒருதரம் பார்த்து, சொன்னார்.

"இல்லை. நானறிய ஒருதருக்கும் இல்லை."

கேட்டீங்களோ அத்தான்? அரசாங்கத்தின் வாயாலேயே வந்துவிட்டது. பிறகென்ன, கதிரை இல்லாதபடியால் வாளியைக் கவிழ்த்து இருத்தினோம். வல்லி புட்டும் சம்பலும் குழம்பும் போட்டுக் கொடுத்தா. முதல் வாயில் கண்ணால் தண்ணீர் வந்தது, ஆனாலும் நிறுத்தவில்லை, இரண்டாம் தரமும் வாங்கினார், நாய்க்கும் ஒரு பிடி. நான் தொட்டியில் ஒரு பானைக்குத் தண்ணீர் நிரப்பிக்கொண்டு திரும்பி வர, அவரும் வல்லியும் லோஜனாவும் ஏதோ கதைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். போகும்போது என் கையைப் பிடித்துக் குலுக்கி, எப்போதும் வரலாம், கேற்றை மட்டும் சாத்திவிடுங்கள், ஆடு ரோட்டுக்குப் போகும் என்றார். அரசாங்க ஆட்டில் அவ்வளவு அக்கறை.

திங்கட்கிழமை வீடு திரும்பினோம். ஈஸ்டருக்கு முன்னர் இந்த வீட்டை விட்டு எழும்பவேண்டும், உண்மை. வேறு வீடு பார்க்கிறோம். ஆனால் அத்தான், இப்போது எனக்கு நெஞ்சுக்குள்ளே முன்பிருந்த பதைப்பு இல்லை. எழும்பச் சொன்னால் எழும்புவோம், எங்களுக்கென்று ஒரு காணி இருக்கிறது. மனுகாவிலும் இப்போது வாங்கிலில் இருக்கிற சனத்தைக் கொஞ்சம் பிந்தித்தான் எழுப்புகிறேன். மார்கழி லீவுக்கு நீங்கள் அக்காவோடும் பிள்ளைகளோடும் கட்டாயம் வரவேண்டும். உங்களை அங்கே கொண்டுபோய், நம்பர் இல்லாத நிலத்தில் படுக்கவைத்து, உத்தியோகத்தரையும் அறிமுகப்படுத்துவேன். ரைஸ் குக்கரை விட்டுவிட்டு வரவும்.

பெரியோர்க்கு வணக்கமும், சிறியோர்க்கு ஆசியும், பனிக்கு என் அனுதாபமும் தெரிவித்து முடிக்கிறேன்.

இங்ஙனம்,
தங்கள் வெற்றிவாகை சூடிய மைத்துனர்,
சி. செல்வரத்தினம்

பி.கு.: அண்ணை, இது வல்லி. தபாலிலை போடச் சொல்லித் தந்தவர், நான் உடைச்சு வாசிச்சிட்டு எழுதிறன். இவர் எழுதினதிலை புட்டு மட்டும்தான் உண்மை. அது பொதுக் காடு இல்லை, கிரஹாம் எண்ட அந்த மனுசன்ரை சொந்தத் தோட்டம். தேவ் நாராயண் கேற்றைத் தாண்டச் சொன்னது ரோட்டாலை நேரே தாண்டிப் போகச் சொல்லி. இவர் கேற்றைத் திறந்து தாண்டினவர். பொதுக் காடு அங்காலை இன்னும் கொஞ்சம் தூரத்திலை இருந்ததாம். நான் வெங்காயம் வெட்டப் பலகையைத் திருப்பினன், அதிலை பெரிய எழுத்திலை தனியார் காணி, உள்ளை வராதேயுங்கோ எண்டு இருந்தது. திருப்பிப் போட்டு மேலை அடுப்பை வைச்சிட்டன். சாப்பாடு முடியச் சொல்லத்தான் நினைச்சனான் அண்ணை. ஆனால் அதுக்குள்ளை மனுசன் படுத்து நித்திரையாப் போட்டார். ஊரை விட்டு வெளிக்கிட்டதிலையிருந்து இவர் ஒருநாளும் விடியும்வரை நித்திரை கொண்டதில்லை, சின்னச் சத்தத்துக்கும் எழும்பிக் குந்தியிருப்பார். அண்டைக்கு வெயில் முகத்திலை அடிச்சும் எழும்பேல்லை. எனக்கு அழுகை வந்திட்டுது. அதுதான் அந்த மனுசன் வந்து நிக்கேக்கை கும்பிட்டனான். அவருக்கு விளங்கிட்டுது. இவர் தண்ணிக்குப் போன நேரம் லோஜனா எல்லாத்தையும் இங்கிலிஸிலை சொன்னவள், எங்கடை ரெலிபோன் நம்பரும் குடுத்தவள். போன கிழமை கிரஹாம் ரெலிபோன் எடுத்தவர். பலகையைக் கவிட்டபடியே விட்டிருக்கிறாராம். மார்கழிக்கு உங்களையும் கூட்டிக்கொண்டு வரட்டாம். வந்தால் இவருக்கு முன்னாலை அந்தாளை ஒஃபிசர் எண்டே கூப்பிடுங்கோ. புதுத் தொப்பி வாங்கி வைச்சிருக்கிறாராம்.